ஆறாவது பெயர்

காப்பிக்கு நன்றி. பால் வேண்டாம், இப்படியே போதும். நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கே நான் பேசுகிறேன், அவசரப்படாதீர்கள். இருபத்தாறு வருடம் சுகாதாரத் துறையில் உட்கார்ந்து சட்ட வரைவு எழுதியவள் நான். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. போதைப் பொருள்களுக்கு வாஷிங்டனில், மத்திய அரசிடம், ஐந்து அட்டவணைகள் உண்டு. நம் மாநிலச் சட்டத்திலும் அதே போல ஐந்து இருக்கின்றன. எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒருவன் பழைய சரக்கில் ஓர் அணுவை இடம் மாற்றி வைத்துப் புதுச் சரக்காக்கிவிடுவான். வாஷிங்டன் அதைத் தன் அட்டவணையில் சேர்க்கும். ஆனால் நம் சட்டத்திலும் அந்தப் பெயர் ஏறும்வரை நம் ஷெரீப் அதற்காக ஒருவனைப் பிடித்து மாநில வழக்குப் போட முடியாது. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடத்துப் புதுப் பெயர்களை எடுத்து, மசோதாவாக எழுதி, ஜனவரியில் சட்டமன்றத்துக்கு அனுப்புவேன். முதல் அட்டவணையில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதற்கு மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று பொருள். கையில் வைத்திருப்பதே சிறைக் குற்றம்.

மற்ற சட்டங்களெல்லாம் ஜூலை ஒன்றாம் தேதிதான் அமலுக்கு வரும். என் மசோதாவின் கடைசி வரியில் அவசர விதி இருக்கும். ஆளுநர் பேனாவை எடுத்த நொடியிலிருந்து அது சட்டம்.

இதற்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வைத்த பெயர் தூசி தட்டுற மசோதா. யாரும் படிக்கமாட்டார்கள். நாற்பது நாளில் ஐந்நூறு மசோதா முடித்துவிட்டு மாட்டுக்கும் கோதுமைக்கும் திரும்பிப் போகிறவர்கள் அவர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை வென்று வந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, அந்தப் பெயர்களை அவையில் சத்தமாக வாசிக்க விடுவார்கள். ஒவ்வொன்றும் ரயில் வண்டி நீளம் இருக்கும். அவர் நாக்குத் தடுமாறும்போதெல்லாம் அவை சிரிக்கும், மேசையைத் தட்டும். தடுமாறாமல் வாசித்தால் அவைத்தலைவர் செலவில் நம் பக்கத்து ஜெர்மன்காரர்கள் சுடும் கூக்கன் கேக் முழுதாக ஒன்று கிடைக்கும். என் காலத்தில் ஒருவரும் வாங்கியதில்லை.

இனி டார்லாவைப் பற்றி.

என்னைவிடப் பதினேழு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்துமூன்று. தலைசீவி விட்டது, பல் விழுந்தால் தலையணைக்கடியில் காசு வைத்தது, பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், கேட்டவர்கள் அப்படியொன்றும் வரிசையில் நிற்கவில்லை. இருபத்தெட்டு வயதில் அவள் இறைச்சி ஆலையில் வழுக்கி விழுந்து முதுகை உடைத்துக்கொண்டாள். வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஊசியாயிற்று. எட்டு வருடம். இரண்டு தடவை குளியலறைத் தரையில் நீலமாகக் கிடந்தாள். இரண்டு தடவையும் அவள் வாயில் வாய் வைத்து நான் ஊதினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு யாரோ அவளுக்கு அந்த இலைத்தூளைப் பற்றிச் சொன்னார்கள். ஆசியாவில் எங்கோ வளரும் ஒரு மரத்தின் இலை, அரைத்துப் பச்சைப் பொட்டலத்தில் பெட்ரோல் பங்குகளில் விற்பார்கள். காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி, ஆரஞ்சுச் சாற்றில் கலக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். காய்ந்த புல் நாற்றம். நல்லதா கெட்டதா என்று மருத்துவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதைத் தொட்ட நாளிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. மூன்று வருடம் நான்கு மாதம். அந்த மூன்று வருடமும் அவள் என் வீட்டில் இருந்தாள். நான் வேலை முடித்து வரும்போது சமையலறை விளக்கு எரியும். சாப்பாட்டுக்குப் பின் சீட்டாடுவோம். வெட்கமில்லாமல் ஏமாற்றுவாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன்பு அப்படி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நவம்பரில், நன்றி நாள் விருந்துக்கு வெண்டலைக் கூட்டிவந்தாள். தேனீ வளர்ப்பவன். கோடையில் பெட்டிகளை நம் பக்கத்துக் குதிரைமசால் வயல்களில் வைப்பான், குளிர் முடிவதற்குள் லாரியில் ஏற்றிக் கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குக் கொண்டுபோவான். வீடு மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம். நல்ல மனிதன்தான். வான்கோழியை வெட்டித் தந்தான், பாத்திரமும் கழுவினான்.

"அக்கா, மார்ச் முதல் சனிக்கிழமை நான் பஸ் ஏறுறேன்" என்றாள் டார்லா. "அவர் அங்க பாதாம் தோட்டத்துல இருப்பார். அங்கயே பதிவுக் கல்யாணம். பூ முடிஞ்சதும் நேரா அவர் ஊரு."

"திரும்பி எப்ப வருவே?"

"திரும்பியா? ஏன்க்கா, நான் என்ன மேய்ச்சலுக்கா போறேன் பொழுது சாய்ஞ்சா திரும்பி வர்றதுக்கு? வாழப் போறேன்."

வெண்டல் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு இருக்கா அங்க?" என்றேன்.

"மூணு வருஷமா என்ன ஆச்சு எனக்கு? நல்லாத்தானே இருக்கேன். நீ அடைகாத்தது போதும்க்கா. கோழிகூட இருபத்தோரு நாள்ல எழுந்திரிச்சிடும்."

நான் பூசணி கேக் தட்டை வெண்டல் பக்கம் நகர்த்தினேன். அவன் இரண்டாவது துண்டு எடுத்துக்கொண்டான்.

டிசம்பரில் வாஷிங்டன் பட்டியலில் எட்டுப் பெயர்கள் வந்திருந்தன. நான் ஒன்பது தட்டச்சு செய்தேன். முன்னால் வைத்தால் கண்ணில் படும், கடைசியில் வைத்தாலும் படும். ஆறாவதாக வைத்தேன். பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் பெயரை எழுதவில்லை, இலைக்குள் இருக்கும் பொருளின் வேதிப் பெயரை எழுதினேன். அதுதான் முறை. மற்ற எட்டையும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

சட்டம் இயற்ற எனக்கு என்ன அதிகாரம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. நான் இயற்றவில்லை. நான் ஒரு வரி தட்டினேன். இயற்றியவர்கள் நூற்றைந்து பேர், மேலே ஓர் ஆளுநர்.

ஜனவரியில் குழுக் கூட்டம். சாட்சி நான் ஒருத்திதான், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். குழுத் தலைவர் எழுபது வயது மாட்டுப் பண்ணைக்காரர். ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஏம்மா மார்லிஸ், இதுல எதையாச்சும் என் மாட்டுக்கு நான் போட்டிருக்கேனா?"

"இல்லைங்க சார்."

"அப்ப சரி. கைய தூக்குங்கப்பா."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பெயரும் வாஷிங்டன் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் தாராளமாக மறைக்கலாம்.

அந்த வருடம் வாசிக்க மாட்டிக்கொண்டவன் டிராவிஸ் என்ற முப்பத்தொரு வயதுப் பையன். வடகிழக்கு மாவட்டம், அப்பாவோடு சோயா பயிரிடுகிறான். பயந்துபோய் என் அறைக்கு வந்தான்.

"மேடம், இத எப்படிச் சொல்றது? வாந்தி எடுக்கற மாதிரி இருக்கு."

"துண்டு துண்டா வெட்டிக்க. மாட்டுக்கறி மாதிரி."

"இந்த ஆறாவது இருக்கே, அதுதான் மேடம் உயிரெடுக்குது. 'மித்' வரைக்கும் வர்றேன், அப்புறம் பல்லு கழண்டுருது. அதை மட்டும் விட்டுடட்டுமா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எல்லாத்தையும் வாசிக்கணும்" என்றேன். "வாசிக்காத பேர வச்சு நாளைக்கு ஒருத்தன் கோர்ட்டுல தப்பிச்சிடுவான்."

அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் அவன் நல்ல பையன். நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பயிற்சி செய்தான். ஆறாவதை நான் அசை அசையாகப் பிரித்துச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

அவை நாளன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து பெயர்களைத் தடுமாறாமல் வாசித்துவிட்டான். அவைக்கே ஆச்சரியம். யாரோ "கேக் எடுங்கப்பா" என்று கத்தினார். ஆறாவதில் சறுக்கினான். திரும்பத் தொடங்கினான், இன்னும் மோசமாகச் சறுக்கினான். மூன்றாவது தடவை முயன்றபோது அவைத்தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போதும்யா, அது எதுவா இருந்தாலும் நமக்கு வேண்டாம்" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. மேலவையில் வாசிப்புகூட இல்லை, இருபது மசோதாக்களோடு சேர்த்து ஒரே மூச்சில் போயிற்று.

ஆளுநர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் பெண்ணிடம் "இந்த வாரமே கையெழுத்தானா நல்லது" என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கையெழுத்தாயிற்று. கடைகளுக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்புக் கடிதங்களை நான் வெள்ளிக்கிழமைத் தபாலுக்கு வைத்திருந்தேன். அவை திங்கட்கிழமைதான் போய்ச் சேரும். அதிலும் விதிமீறல் எதுவும் இல்லை.

மூன்றரைக்கு ஷெரீப் ரோலியைக் கூப்பிட்டேன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ரோலி, என் வீட்டுச் சமையலறை அலமாரில முதல் அட்டவணைப் பொருள் இருக்கு. டார்லாவோடது."

"அய்யோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா?"

"அந்த இலைத்தூள்."

"மார்லிஸ், அத என் மச்சான் டீ மாதிரி குடிக்கிறான். கடையில தொங்குது."

"நேத்து வரைக்கும் டீதான். இன்னைக்கு மூணு பத்துல இருந்து இல்ல. சட்டத்த அனுப்பட்டுமா?"

"அனுப்பு" என்றான். குரலில் சுரத்தில்லை. "ஆனா ஏன் நீயே... சொந்தத் தங்கச்சிய..."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நானும் குற்றவாளி. அரசாங்க உத்தியோகத்துல இருக்கேன் ரோலி."

அவன் போனபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாளாம். முதலில் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாளாம். "ரோலி அண்ணா, இது பெட்ரோல் பங்க்ல வாங்கினது. இன்னைக்குக் காலையிலதான் வாங்கினேன், பயணத்துக்குச் சேர்த்து. இந்தா ரசீது" என்று அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த ரசீதுதான் வழக்கில் முதல் சான்று. இதைச் சொல்லும்போது ரோலி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளி காலை அரசு வழக்கறிஞர் லோரன் கூப்பிட்டார். இந்தத் தொலைபேசி உரையாடலைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருப்பீர்கள், அவர் சொன்னது உண்மைதான்.

"மார்லிஸ், சட்டம் வந்து ஒரு நாள்கூட ஆகல. எனக்கே இப்பத்தான் தெரியும். உன் தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? எச்சரிச்சு வீட்டுக்கு அனுப்பிடறேன். ராத்திரி பூரா நடுங்கிக்கிட்டு இருந்துச்சாம் பொண்ணு. நீ சரின்னா மதியத்துக்குள்ள வெளிய விட்டுடலாம்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் லோரன்" என்றேன். "என் தங்கச்சின்னு விட்டா ஊர் என்ன சொல்லும்? திங்கக்கிழமை நீதிபதி வருவார் இல்ல, அவர் பாத்துக்கட்டும்."

"மனசு கல்லும்மா உனக்கு" என்றார். திட்டியதா பாராட்டியதா என்று தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது நாற்பது பஸ். அது கிளம்புவதைப் பார்க்க நான் போயிருந்தேன். எட்டுப் பேர் ஏறினார்கள். ஓட்டுநர் பட்டியலைப் பார்த்து "டார்லா யாரும்மா? டார்லா இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் கடைக்குப் போய்க் கோழியும் கிரீமும் வாங்கினேன். மாவுருண்டை போட்ட சூப் என்றால் அவளுக்கு உயிர். அன்றைக்கு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது, மறைக்கவில்லை.

திங்கட்கிழமை நீதிபதி ஐந்து நிமிடத்தில் அவளைப் பிணைப்பணம் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் விட்டுவிட்டார். இரண்டு மணிக்குச் சிறை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, வந்து கூட்டிட்டுப் போயேன். குளுருது. கோட்டு இல்லாம வந்துட்டேன். நாலு நாளா எதுவும் வயித்துல தங்கல. உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"பஸ் போயிடுச்சே டார்லா."

"தெரியும். பரவால்ல. வெண்டல் வர்றேன்னு சொல்லியிருக்கார். வண்டிய எடுத்துட்டாராம், புதன்கிழமை வந்துருவார். அதுவரைக்கும் உன்கூட இருக்கேன். வாக்கா, சீக்கிரம்."

"எனக்கு குழுக் கூட்டம் இருக்கு. அஞ்சு மணிக்கு வர்றேன். அங்கயே பெஞ்சுல உக்காரு."

"அஞ்சா? அக்கா, எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. சத்தியமாச் சொல்றேன், இன்னைக்கு என்னைய நம்பாத."

"அஞ்சு மணிக்கு" என்று வைத்துவிட்டேன்.

நாலரை வரை பெஞ்சில் இருந்தாளாம். பிறகு பழைய கூட்டாளி ஒருத்தி அந்த வழியாகக் காரில் வந்திருக்கிறாள். ரயில் பாதையோரம் சக்கரம் வைத்த வண்டிவீட்டில் இருப்பவள். நான் ஐந்துக்குச் சரியாகப் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. செவ்வாய் காலை ரோலி என் வீட்டுக் கதவைத் தட்டினான், தொப்பியைக் கையில் வைத்திருந்தான். பழைய அளவுக்கே ஊசி போட்டிருக்கிறாள். மூன்று வருடத்தில் உடம்பு அந்த அளவை மறந்துவிட்டிருந்தது.

அந்த மாதம் மாநிலத்தில் இதே போல இன்னும் நான்கு பேர் இறந்ததாக உங்கள் கோப்பில் இருக்கும். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு செவிலி, மற்ற இருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களை நான் மனதில் வைத்துச் செய்யவில்லை. அவர்களும் அந்தத் தூளைக் குடிப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இது வெளியே வந்தது வெண்டலால்தான். அடக்கத்துக்குப் பின் ஆறு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். கலிபோர்னியாவில் விற்கிற தூள் இங்கே மட்டும் எப்படிக் குற்றமாயிற்று என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். சட்டத்தை வரவழைத்திருக்கிறான், வாஷிங்டன் பட்டியலை வரவழைத்திருக்கிறான். இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலை வைத்துப் படித்தான். என்னைத் தவிர அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அந்தத் தேன்காரன். அந்த வகையில் எனக்கு அவன்மேல் மரியாதை உண்டு.

"ஆறாவது இங்க இல்லையே மார்லிஸ்" என்றான். "இது எங்க இருந்து வந்துச்சு?"

"சேத்தேன்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. அவ நல்லதுக்குத்தான்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நல்லதுக்குன்னா ஏன் போன் பண்ணப்ப போகல நீங்க?" என்று கேட்டான். "எங்கிட்ட சொன்னா அவ, அக்காவுக்கு மீட்டிங்காம், அஞ்சுக்கு வருவான்னு. நான் விசாரிச்சேன். அன்னைக்கு சட்டமன்றமே லீவு."

ஆம். அன்று கூட்டம் எதுவும் இல்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். சூப் அடுப்பில் இருந்தது. அவள் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்து, பழையபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சிறைக்கும் என் வீட்டுக்கும் ஏழு நிமிடம். நாலு மாதம் நான் வயிற்றில் கல்லோடு இருந்தேனே, மூன்று மணி நேரம் ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மரணத்தை எதிர்பார்த்தேனா என்று நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நேராகவே கேட்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் குழுவிடம் மருத்துவ அறிக்கை ஒன்றைக் கொடுப்பது வழக்கம். ஆறாவதற்கு இருபது பக்க அறிக்கை கிடைத்தது. அதில் பதினான்காம் பக்கத்தில் ஒரு பத்தி. ஊசியை விட்டுவிட்டு இந்த இலையில் நிற்பவர்களிடமிருந்து இலையைச் சட்டென்று பிடுங்கினால் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் ஊசிக்கே திரும்புகிறார்கள், பழைய அளவே அவர்களைக் கொன்றுவிடுகிறது, அந்த நாள்களில் அவர்களைத் தனியே விடக் கூடாது என்று எழுதியிருந்தது. குழுவுக்குக் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கத்தை நான் வைக்கவில்லை. அது இப்போதும் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் படிக்காமல் எதையும் கோப்பில் வைப்பதில்லை. நான்கு தடவை படித்தேன். வியாழக்கிழமை ரோலிக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை, திங்கட்கிழமை அவளிடம் பேசி வைத்த பிறகு ஒரு தடவை. நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முழுதாகச் சொல்லிவிடுவது என் பழக்கம். புதன்கிழமை வெண்டல் வந்து சேர்ந்தபோது அவள் உடலைத் தன் ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டான்.

"வீட்டுக்குப் பின்னால ஆப்பிள் மரம் நாலு இருக்கு மார்லிஸ். போட்டோவுல பாத்துட்டு அங்க உக்காந்துதான் காப்பி குடிப்பேன்னு சொல்லிட்டே இருப்பா. அங்க வச்சுக்கிறேன். உங்க கால்ல வேணா விழறேன்."

அழுதான். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதான். கல்யாணம் ஆகியிருந்தால் உரிமை அவனுடையது. ஆகவில்லை. சட்டப்படி அடுத்த உறவு நான். படிவத்தில் இங்கேயே அடக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்லறை மேட்டின்மேல் எனக்கென்று வாங்கி வைத்த இடத்துக்குப் பக்கத்து இடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். அந்த வாரத்துச் செய்திகளையெல்லாம் சொல்வேன். கடைசி ஒரு வருடமாக நான் பேச உட்கார்ந்தால் வெண்டல் கூப்பிடுகிறான் என்று பாதியில் எழுந்து போய்விடுவாள். இப்போதெல்லாம் அப்படி இல்லை, கடைசிவரைக்கும் இருந்து கேட்கிறாள்.